காவடி எடுப்பவரும் கூட நடப்பவரும்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் மலேசியாவின் பினாங்கில் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வரும். உடம்பெல்லாம் அலகு குத்திக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏற ஒரு மனிதரைத் தூண்டுவது எது? உடன் வேலை பார்க்கும் சீனர்களும் மலாய்க்காரர்களும் இதை மரியாதை கலந்த வியப்போடு கேட்பார்கள். நம்மவர்களில் படித்தவர்கள் சிலர் சற்றுக் கூச்சத்தோடு கேட்பார்கள். இரண்டாவது தொனிதான் என்னை உளவியல் நூல்களின் பக்கம் திருப்பியது.

அந்த நூல்களில் முதலில் கிடைக்கும் விடை, அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் முன்வைத்த முரண்பாட்டுக் கோட்பாடு. ஒருவர் செய்ததும் அவர் நம்புவதும் ஒத்துப்போகாதபோது மனத்தில் ஒரு நெருடல் தோன்றுகிறது. செய்துவிட்டதை மாற்ற இயலாது என்பதால், நம்பிக்கையை மாற்றிக்கொண்டு மனம் ஆறுதல் அடைகிறது. எலியட் அரோன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959-இல் 63 கல்லூரி மாணவியரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்வதற்கு முன் சிலர் ஆபாசமான சொற்களை ஓர் ஆணின் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. பிறகு அனைவருக்கும் வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரிக்கப்பட்ட ஓர் உரையாடலைப் போட்டுக் காட்டினார்கள். அதிகம் கூசிப்போனவர்களே அந்த வெற்றுப் பேச்சைச் சுவையானது என்று மதிப்பிட்டார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

காவடிக்கு இந்த விளக்கத்தைப் பொருத்திவிட்டு நிறைவடைபவர்கள், நேர்த்திக்கடனின் வரிசையைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். நம் குடும்பங்களில் பெரும்பாலும் பலன் முதலில் வருகிறது, பாடு பிறகுதான். என் பெரியம்மா மகன் காவடி எடுத்தது, குறைமாதத்தில் பிறந்த மகள் பிழைத்து வீடு வந்து சேர்ந்த பிறகு. முருகன் தன் வேண்டுதலைக் கேட்டார் என்ற உறுதி அண்ணனுக்கு அலகு குத்துவதற்கு முன்பே இருந்தது. வலியைக் காட்டி அந்த நம்பிக்கையை அவர் தமக்குத்தாமே நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நண்பர் கூட்டத்தின் உசுப்பலில் காவடி எடுக்கும் இளைஞர்களுக்கு வேண்டுமானால் ஃபெஸ்டிங்கர் பொருந்தலாம்.

ஆனால் இக்கோட்பாட்டின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. அது வலியைத் தாங்குபவரை மட்டுமே பார்க்கிறது. மானிடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலாடாஸும் அவருடைய குழுவினரும் மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு 200 ரூபாய் தரப்பட்டது. வெளியேறும்போது, யாரும் பார்க்காத ஒரு மறைவிடத்தில், அதிலிருந்து விரும்பிய தொகையைக் கோயிலுக்குக் கொடுக்கலாம். கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்கள் சராசரியாக 81 ரூபாய் கொடுத்தார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 133 ரூபாய் கொடுத்தார்கள். காவடி எடுக்காமல் கூடவே நடந்து வந்தவர்கள் கொடுத்ததோ 161 ரூபாய். வலியை அதிகமாக உணர்ந்ததாகச் சொன்னவர்கள் அதிகமாகவே கொடுத்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. இருந்தும் கூட நடந்தவர்களின் கை, காவடி எடுத்தவர்களின் கையைவிடத் தாராளமாக இருந்தது. தாம் படாத பாட்டுக்கு எவரும் நியாயம் தேட வேண்டியதில்லை என்பதால், முரண்பாட்டுக் கோட்பாடு இந்த 161 ரூபாயின் முன்னால் வாயடைத்து நிற்கிறது.

கூட நடந்தவர்கள் ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு துப்பு ஸ்பெயினிலிருந்து கிடைக்கிறது. சான் பெட்ரோ மான்ரிக்கே என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கும். அங்கே நெருப்பில் நடந்தவர்களின் இதயத்துடிப்பையும் பார்த்து நின்றவர்களின் இதயத்துடிப்பையும் பதிவு செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதமாகவே அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. தொடர்பில்லாத வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு தென்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த உற்றாரின் உடல், நெருப்பில் கால் வைக்காமலே அந்த நடையில் பங்கேற்றிருக்கிறது.

பினாங்கில் இதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். காவடி எடுப்பவரைச் சுற்றி ஒருவர் அவர் இளைப்பாற முக்காலியைச் சுமந்து வருவார், ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார், தங்கைமார் முகத்தருகே விசிறுவார்கள், உறுமி அடிப்பவர்கள் அவருடைய கால் தளரும்போது தாளத்தை முடுக்குவார்கள், "வேல் வேல்" என்ற குரல் அப்போதுதான் உயரும். நேர்ந்துகொண்டவர் ஒருவர், நடப்பது ஒரு குடும்பம். ஆகவே அவரைத் தூண்டுவது எது என்று அவரைத் தனியே நிறுத்திக் கேட்பது, கேள்வியைப் பாதியாக வெட்டிவிடுவதாகும்.

ஸ்பெயின் ஆய்வு பினாங்குக்கு முழுமையாகப் பொருந்தாத ஓர் இடமும் உண்டு. வெள்ளி ரதத்தின் முன்னால் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கும் சீனர்களுக்கும், தண்ணீர்ப் பந்தலில் விடியவிடிய நின்று முன்பின் அறியாதவர்களுக்கு மோரும் சோறும் கொடுப்பவர்களுக்கும், காவடி எடுப்பவர் உறவும் அல்லர், நண்பரும் அல்லர். மொரீஷியஸில் செய்தது போல இங்கே யாரேனும் அளக்க முன்வந்தால், அலகு குத்தியவரை விட்டுவிட்டு, பந்தலில் மோர் ஊற்றுபவரிடமிருந்து தொடங்கச் சொல்வேன்.