ஒற்றை 'ஸ'வுக்கு நான்கு மாதம்

முதல் கர்நாடக சங்கீத வகுப்பில் நாற்பது நிமிடமும் 'ஸ' என்கிற முதல் சுரம் மட்டும்தான். பாடினேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை, இழுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் வகுப்பு. அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் நான், மேசை மேல் இன்னொரு போனில், பாடுபவருக்கு அடிப்படைச் சுருதியை விடாமல் ஒலிக்கும் தம்புரா செயலி. நான் ஸ என்று நீட்ட ஆரம்பித்த இரண்டாவது நொடியிலேயே "சார், குரல் கட் ஆகுது" என்றார். மறுபடி நீட்டினேன், மறுபடி கட். பேசினால் கேட்கிறது, பாடினால் கேட்கவில்லை. பத்து நிமிடம் இணையத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த வீடியோ அழைப்புச் செயலிகளில் சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டும் வசதி ஒன்று இருக்கிறது. மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக நீளும் ஓசை எதுவாக இருந்தாலும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஆக, என் வாழ்க்கையில் நான் முறைப்படி பாடிய முதல் சுரத்தை ஒரு மென்பொருள் மின்விசிறிச் சத்தம் என்று முடிவு செய்து வாசலிலேயே நிறுத்திவிட்டது. செட்டிங்ஸில் போய் அதை அணைத்தோம். இப்போது என் குரல் டீச்சருக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது மென்பொருள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது.

எனக்கு வயது 43. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை டீச்சர் என்பேன், இரண்டு பேருக்கும் இதில் லேசான கூச்சம் உண்டு, ஆனால் வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை.

இவ்வளவு வயதுக்கு மேல் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பிரார்த்தனைப் பாட்டுக் குழுவில் ஆசைப்பட்டுப் போய் நின்றேன். இரண்டு நாள் கழித்து, "நீ வாயை மட்டும் அசைடா, சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் கீழ்ப்படிதலான பையன், அடுத்த 29 வருடம் வாயை மட்டும்தான் அசைத்தேன். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டுக்குக்கூட.

இதை டீச்சரிடம் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "எத்தனை கட்டைல பாடச் சொன்னாங்க சார்?" எனக்கு என்ன தெரியும். பிறகு விளக்கினார். ஒருவர் தன் ஸ-வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறாரோ அதுதான் அவருடைய சுருதி, அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்கள் சாதாரணமாக 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், அதாவது அவர்களுடைய ஸ ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். ஆண்கள் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், அங்கே ஸ 131 ஹெர்ட்ஸ். எங்கள் குழுவில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். எனக்கோ அப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருந்த நேரம். அவர்கள் சுருதியில் மேல் ஸ்தாயிக்குப் போனால் கத்த வேண்டும், கீழே இறங்கினால் குரலே தரையில் உரசும். இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட பையனிடம், சுருதி உனக்குப் பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கலாம், உனக்குப் பாட வராது என்று சொல்லிவிட்டார்கள். அளவு சரியில்லாத சட்டையைப் போட்டுவிட்டு உடம்பு சரியில்லை என்று சொன்ன கதை. இதைக் கேட்டு அன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தேன், வகுப்பில் கவனமே ஓடவில்லை.

சுருதியைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வகுப்பு ஆனது. எனக்கு ஒன்றரைக் கட்டை. கீழ் ப-வும் சிரமமில்லாமல் தொட வேண்டும், மேல் ஸ-வைத் தாண்டியும் கொஞ்சம் போக முடிய வேண்டும், அதுதான் கணக்கு. பிடித்த பாடகர் எந்தச் சுருதியில் பாடுகிறாரோ அதில்தான் பாடுவேன் என்று அடம் பிடித்தால் தொண்டைதான் போகும்.

அடுத்தது, பதிவு செய்து கேட்பது. முதல் வாரமே செய்யச் சொல்லிவிட்டார், இது கொடுமை. நாம் பேசும்போது நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் வருகிறது, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கீழ் அதிர்வுகளை நன்றாகக் கடத்துவதால் நம் காதுக்குள் நாம் எல்லோருமே கனமான குரலுக்குச் சொந்தக்காரர்கள். பதிவில் எலும்பு கிடையாது. மெலிந்து போய், மூக்கால் பேசுகிற யாரோ ஒருவர் என் மாதிரியே தயங்கித் தயங்கி ஸ பாடுகிறார். மூன்று நாள் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. ஆனால் உலகத்துக்கு எப்போதும் கேட்டது அந்தக் குரல்தானே, எனக்குத்தான் புதிது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதத்தில் நான் தொண்டையால் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான், மீதி முழுக்கக் காதால். தொடக்கத்தில் தம்புரா ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் பாடுவேன், இரண்டுக்கும் பேச்சு வார்த்தையே இருக்காது. "சுருதி இறங்கி நிக்குது சார்" என்பார். இறங்கி என்றால் எங்கே, எதிலிருந்து, ஒன்றும் புரியாது. போனில் ட்யூனர் செயலி ஒன்று போட்டேன், முள் நடுவில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. ஒரு வாரத்தில் முள்ளை நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டு பெருமையோடு போய்ப் பாடினேன். போனைத் திருப்பி வைக்கச் சொன்னார். வைத்தேன். உடனே இறங்கிவிட்டது. "கண்ணால பாடாதீங்க சார்" என்றார்.

அதற்குப் பதிலாக அவர் சொல்லிக் கொடுத்த வழி இது, இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாயை மூடிக்கொள்ளுங்கள். தம்புராவை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, அதைவிடச் சன்னமாக 'ம்' என்று முனக வேண்டும், முனகல்தான், பாட்டு இல்லை. சுருதிக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து மிக மெதுவாக மேலே நகர்த்த வேண்டும். இரண்டு ஓசை ஏறக்குறைய ஒன்றாக இருந்து முழுக்க ஒன்றாக இல்லாதபோது நடுவில் ஒரு துடிப்பு கேட்கும், வவ்வவ்வவ் என்று. ஒன்று நொடிக்கு 139 முறை அதிர்ந்து, இன்னொன்று 136 முறை அதிர்ந்தால், நொடிக்கு மூன்று துடிப்பு, வெறும் கழித்தல் கணக்கு. நெருங்க நெருங்க அந்தத் துடிப்பு சோம்பலாகும். வவ்... வவ்..... வவ்........ அப்புறம் நின்றுவிடும். மனிதக் குரல் இயந்திரம் மாதிரி அசையாமல் நிற்காது என்பதால் முதலில் பிடிபடாது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு நாள் காலை மூக்குத் தண்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தேன், விரல் நுனியில் அதிர்வு தெரிகிறது, ஆனால் என் குரல் கேட்கவில்லை. நிறுத்திவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்தவில்லை, குரல் தம்புராவுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று நொடிகூட இருந்திருக்காது, ஆச்சரியத்தில் சிரித்துவிட்டேன், சுருதி போயே போய்விட்டது.

அதுவரை பாடுவது என்றால் என் குரல் தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் எங்கோ விலகியிருக்கிறது என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மூச்சைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு மூச்சுப் பற்றவில்லை என்று நினைத்தேன். உண்மையில் நெஞ்சை நிமிர்த்தி, தோளைத் தூக்கி, தேவைக்கு மேல் காற்றை அடைத்துக்கொண்டு முதல் நொடியிலேயே பாதியைக் கொட்டிக்கொண்டிருந்தேன். தோள் அசையாமல் வயிறும் விலாவும் விரிய மூச்சிழுத்து, பல்லிடுக்கில் ஸ்ஸ்ஸ் என்று சீராக விட்டுப் பழகச் சொன்னார். முதல் நாள் 11 நொடி, இப்போது 25 வரை வருகிறது. நுரையீரல் ஒன்றும் பெரிதாகவில்லை, ஊதாரித்தனம்தான் குறைந்திருக்கிறது.

தொண்டைக்கு ஆயிரம் வைத்தியம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் குரல்நாண் நனையும் என்று நானும் நம்பியிருந்தேன், ஆனால் குடிக்கும் தண்ணீர் போவது உணவுக்குழாயில், குரல்நாண் இருப்பது மூச்சு வழியில். விழுங்கும்போது அந்த வழி மூடிக்கொள்கிறது, மூடாவிட்டால் புரையேறும். உடம்பு முழுக்க நீர்ச்சத்து இருந்தால்தான் அதுவும் ஈரமாக இருக்கும், எனவே பாடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு மடக்கு மடக்கென்று குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். பாடுவதற்கு முன் க்ர்ர்ம் என்று செருமுகிற பழக்கமும் எனக்கு உண்டு, கச்சேரி செய்பவர் மாதிரி. செருமும்போது இரண்டு நாணும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, அதை விடச் சொல்லிவிட்டார். இந்த நாண்களைப் பாடும் நிலையில் கண்ணால் முதலில் பார்த்தவராகச் சொல்லப்படுபவர் மருத்துவர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. மானுவல் கார்சியா என்பவர், 1854இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல்நாண் அசைவதைத் தானே பார்த்தார். மனிதர் 101 வயது வரை வாழ்ந்தார். நான் டார்ச்சும் முகக் கண்ணாடியும் வைத்து முயன்று பார்த்தேன், உள்நாக்குதான் தெரிந்தது.

இரண்டாம் மாதக் கடைசியில் சரளி வரிசை, அதாவது சுரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் தொடக்கப் பயிற்சி. மாயாமாளவகௌளை ராகம். கர்நாடக சங்கீதப் பிதாமகர் எனப்படும் புரந்தரதாசர் காலத்திலிருந்து வரும் பாடமுறை என்று சொல்வார்கள். ஏன் இந்த ராகத்தில் தொடங்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் ரி என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. ஸ-வுக்கு ஒட்டியே, அரைப் படி தள்ளி நிற்கிற ரி அது. காதில் மேற்கத்திய இசையின் டோ ரே மி ஏற்கெனவே குடியிருப்பதால் நான் ஒவ்வொரு தடவையும் ஒரு முழுப் படி ஏறிவிடுவேன். பிறகு ரி-யிலிருந்து க-வுக்குப் பெரிய தாண்டல், க-விலிருந்து ம மறுபடி பக்கத்தில். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், ப த நி ஸ-வும் அதே அச்சு. ஒட்டு, தாண்டு, ஒட்டு. கீழே கற்றதை மேலே அப்படியே வைத்துக்கொள்ளலாம். இடைவெளிகள் இவ்வளவு பளிச்சென்று வேறுபட்டு இருப்பதால் தப்பு செய்தால் நமக்கே தெரிந்துவிடுகிறது, அதனால்தான் முதல் பாடத்துக்கு இதை வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

தாளம் தனிப் பிரச்சினை. ஆன்லைனில் இரண்டு பேரும் சேர்ந்து பாடவே முடியாது, சத்தம் போய்ச் சேர ஆகும் சிறு தாமதத்தில் என் நாலாவது எண்ணிக்கை அவருக்கு ஐந்தாவதில் விழும். அவர் பாடி நிறுத்த, நான் பாட, அவர் கேட்க என்று மாற்றி மாற்றித்தான். காலம் என்றால் வேகம், முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலத்தில் என் கை தனியாக ஓடும், வாய் தனியாக ஓடும், ஆதி தாளத்தின் எட்டுத் தட்டு முடியும்போது நான் இன்னும் த-வில் இருப்பேன்.

போன வாரம் வகுப்பு வழக்கம்போல் ஸ-வில் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். வழக்கமாக மூன்றாவது நொடியில் "கொஞ்சம் மேல", "இப்ப கொஞ்சம் கீழ" என்று ஏதாவது வரும். ஒன்றும் வரவில்லை. மூச்சு எடுத்து மறுபடி பிடித்தேன். அப்போதும் சத்தமில்லை. மறுபடி அந்த வடிகட்டி வேலையைக் காட்டிவிட்டது போல என்று நினைத்துக் கண்ணைத் திறந்து, "டீச்சர், குரல் கட் ஆகுதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், கேட்குது. நீங்க பாடுங்க."