கார் சார்ஜ் ஏத்த கல்லுப்பு வாங்கின கதை

எலக்ட்ரிக் கார் எடுக்கப்போறேன்னு சொன்னதும் ஆளாளுக்கு ரேஞ்ச் எவ்ளோ, பேட்டரி மாத்த எவ்ளோ ஆகும்னுதான் கேட்டாங்க, உங்க அபார்ட்மென்ட்ல எர்த்திங் ஒழுங்கா இருக்கான்னு ஒருத்தர்கூட கேக்கல. எனக்கும் தோணல, அதான் பிரச்சனையே.

நாங்க இருக்கறது சென்னை மேடவாக்கத்துல, 24 வீடு, பழைய பில்டிங். எடுத்தது டாடா நெக்ஸான் இவி, 40.5 கிலோவாட் அவர் பேட்டரி. 15 ஆம்ப் பிளக்ல போட்டா ஃபுல்லாக கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஆகும்னாங்க, அதனால 7.2 கிலோவாட் சார்ஜரே மாட்டிக்கலாம்னு முடிவு பண்ணினேன், அதுல ஆறு மணி நேர சொச்சம், நைட்டு சொருகிட்டு தூங்கினா காலைல ரெடி.

பார்க்கிங் என்னோடதுதான், ஆனா மீட்டர் ரூம்லேருந்து அங்க வர 35 மீட்டர் ஒயர் காமன் சுவத்துல போகணும், அதுக்கு அசோசியேஷன் சம்மதம்னு லெட்டர் வேணும். மீட்டிங்ல செகண்ட் ஃப்ளோர் மாமா 2022ல ஸ்கூட்டருங்க தீப்பிடிச்ச வீடியோவ போன்ல வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா காட்டிட்டு இருந்தார். இது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மாமா, சூடு தாங்கும், அவ்ளோ சீக்கிரம் பத்திக்காதுன்னேன். "அப்போ எழுதிக் குடு"ன்னார். எழுதியே குடுத்தேன், வேற வழி? மூணு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. ஈபில வீட்டு கனெக்‌ஷனுக்கு லோடு கூட்டற வேலை அதுக்குள்ள முடிஞ்சுது, வீட்ல ஏற்கனவே த்ரீ ஃபேஸ் இருந்ததால தப்பிச்சேன்.

ஒயர் ஆறு ஸ்கொயர் எம்எம் காப்பர்தான் போடணும், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 32 ஆம்ப் மணிக்கணக்கா ஓடற லைன் அது. சார்ஜர் மாட்டியாச்சு, லோடு ஏறினாலோ கரன்ட் லீக் ஆனாலோ தானா ஆஃப் ஆகற எம்சிபி, ஆர்சிசிபி சுவிட்ச் எல்லாம் போட்டாச்சு, தேங்கா எல்லாம் உடைச்சு சார்ஜர் பிளக்க கார்ல சொருகறேன், சிவப்பு லைட். எடுத்து திரும்ப சொருகறேன், சிவப்பு லைட். மாட்ட வந்த பையன் எர்த் ஃபால்ட் சார், இத சரி பண்ணாம நான் கையெழுத்து போட முடியாதுன்னு சொல்லிட்டு கிளம்பிட்டான். அப்போ கடுப்பா இருந்துச்சு, ஆனா அவன் பண்ணினதுதான் சரி.

எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர வச்சு பாத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரியா இருக்கு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வச்சா 19 காட்டுது. ரெண்டு மூணுக்கு மேல இருக்கவே கூடாது சார்னார். எர்த் சரியில்லன்னா எங்கயாவது லீக் ஆகும்போது கரன்ட் மண்ணுக்குப் போகாம கார் பாடியிலயே நிக்கும், தொட்டா தூக்கிடும், அதான் சார்ஜர் ஸ்டார்ட்டே ஆகாம நிக்குது. சரி, எர்த் குழி எங்கன்னு தேடினா காணோம்! யாருக்கும் தெரியல. கடைசில வாட்ச்மேன் தாத்தாதான் சம்ப் பக்கத்துல காட்டினார், பேவர் பிளாக் போட்டப்போ அதையும் சேத்து மூடிட்டாங்களாம். ரெண்டு கல்ல பேத்து பாத்தா உள்ள மண்ணு காஞ்சு பொருக்கு தட்டி கெடக்கு, பைப் துருப்பிடிச்சு கைலயே உதிருது. எத்தன வருஷமா ஒரு சொட்டு தண்ணி ஊத்தலயோ.

புதுசா குழி எடுத்தோம். ஜிஐ பைப் நட்டு, சுத்தி ஒரு அடுக்கு அடுப்புக்கரி ஒரு அடுக்கு கல்லுப்புன்னு மாத்தி மாத்தி போட்டு மூடணும். இருவது கிலோ கல்லுப்பு கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி ஒரு மாதிரி பாத்துட்டு "கருவாடு போடுறியளா?"ன்னார். இல்லண்ணாச்சி, காருக்குன்னேன், அதுக்கப்புறம் எதுவும் கேக்கல. நாலு குடம் தண்ணி ஊத்தி, மீட்டர் ரூம் எர்த் பட்டைல கனெக்‌ஷன் குடுத்துட்டு மறுநாள் பாத்தா அந்த 19 வோல்ட் 1.8 ஆயிருக்கு. சொருகினேன், பச்ச லைட். கார் கைக்கு வந்து சரியா 53 நாள்.

கரன்ட் பில் பத்தியும் சொல்லிடறேன். நான் மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறேன், அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்நூறு யூனிட் கிட்ட கூடுது. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துல 500 யூனிட்ட தாண்டிட்டா, யூனிட்டுக்கு ரேட் போடற ஸ்லாப் கணக்கே மாறிடும், அதனால யூனிட் இவ்ளோன்னு ஷோரூம்ல பேப்பர்ல போட்டு காட்டற கணக்க நம்பாதீங்க, உங்க வீட்டு பழைய பில்லோட சேத்து போட்டு பாருங்க. அப்படி பாத்தும் பெட்ரோலுக்கு குடுத்ததுல பாதிகூட இல்ல.

போன வாரம் அந்த மாமா லிஃப்ட்ல வச்சு, அவங்க வீட்ல வாஷிங் மெஷின தொட்டா சுர்ருனு ஒண்ணு அடிச்சுட்டே இருக்கும், இப்போ கொஞ்ச நாளா இல்லன்னார். அடிக்காதுதான், 24 வீட்டுக்கும் அந்த ஒரே எர்த்துதான். குழிக்கு ஆன 7,500 மொத்தமும் என் கைக்காசு, மெயின்டனன்ஸ்ல கழிச்சுக்கோங்கன்னு செகரட்டரிகிட்ட லெட்டர் குடுத்திருக்கேன். அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்னு இருக்கார்.