கீழ்ப் பஞ்சமம் இன்னும் பிடிபடவில்லை

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியும் வலி விட்டபாடில்லை. இரவில்தான் அதிகம். வீடே தூங்கும், நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அப்படி ஓர் இரவில்தான் வயிற்று வலியிலேயே பிறந்த ஒரு பதிகம் நினைவுக்கு வந்தது. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர், அக்கா திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு திருவதிகையில் பாடிய ‘கூற்றாயினவாறு’. நான்காம் திருமுறையின் முதல் பதிகம், பத்தே பாட்டு. சரி, இதைக் கற்றுக்கொள்வோம் என்று இறங்கினேன். சின்ன வயதில் மூன்று வருஷம் பாட்டு படித்ததுதான் கையிருப்பு.

பண் கொல்லி, இன்றைக்கு நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். ஓதுவார் ஒருவரின் பதிவைக் கேட்டுக் கேட்டு ஸ்வரம் எழுதிக்கொண்டேன். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான், ஆனால் மேல் ஸட்ஜத்தின், அதாவது மேல் ‘ஸ’வின், பக்கமே போகாது. கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது கீழ் ‘ப’வில், கிளம்பி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். வயிற்றை எக்கி மேலே பிடிக்க முடியாத எனக்கென்றே அமைந்த ராகம் என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

என் வழக்கமான சுருதியான 5 கட்டையில் வைத்துப் பாடினால் கீழ்ப் பஞ்சமத்தில் குரலே இல்லை, காற்றுதான் வருகிறது. கொஞ்சம் அழுத்தினால் தையல் போட்ட இடம் சுரீரென்கிறது. ஒரு வாரம் இதிலேயே போயிற்று. அப்புறம்தான் உறைத்தது: மேலே ஏற வேண்டிய வேலையே இல்லையே, சுருதியை ஏற்றினால் என்ன? ஃபோனில் இருக்கும் சுருதிப்பெட்டியை 6 கட்டைக்கு மாற்றினேன். கீழே குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. மருத்துவரைக் கேட்டுவிட்டு, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன். கை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் ஸ்வரம் நிற்கிறது. பொசுக்கென்று இறங்கினால் அறுந்துபோகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று வலியை மறந்து ஒரு மணி நேரம் பாடினேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, அது வேறு கதை. இப்போது ஒரு தடவைக்கு இருபது நிமிஷம்தான்.

உண்மையைச் சொன்னால், அதற்கு முன் பல வாரங்களாக நான் சாமி விளக்குகூட ஏற்றவில்லை. கோபம். இந்தப் பதிகத்தில் எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கோபத்துக்கும் இடம் இருப்பதுதான். முதல் அடியிலேயே ‘விலக்ககிலீர்’, நீக்கமாட்டேன் என்கிறீரே என்று சண்டைதான். பத்தாம் பாட்டில் ‘வேர்த்தும் புரண்டும் விழுந்தும்’ என்று வருகிறது. முந்தின இரவு நான் கிடந்த கிடப்பு அப்படியே. அடங்கின குரலில் ஒருவரிடம் முறையிட ஒரு ராகமும் கிடைத்துவிட்டது. வலி குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் இரவு ஒன்றரை மணிக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. விளக்கும் மறுபடி எரிகிறது.

ஏழு பாட்டு மனப்பாடம். கீழ்ப் பஞ்சமம் ஐந்து தடவையில் இரண்டு தடவைதான் சுத்தமாக விழுகிறது. ஆறாம் பாட்டில் அடிக்கு அடி ‘மறந்தறியேன்’ என்று வரும். எனக்கு மறந்துபோவது அந்தப் பாட்டுதான்! நேற்று இரவும் ‘தமிழோடிசை பாடல் மறந்தறியேன்’ வரைக்கும் வந்து, அடுத்தது வராமல் திரும்பத் திரும்ப அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

‘நலந்தீங்கிலும்’ என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. தூங்குகிறார் என்று நினைத்திருந்த என் கணவர். சுருதி மட்டும் சேரவில்லை.