பாண்டிக்கு வந்தால் வாய்க்காலைத் தாண்டுங்கள்

நாலு நாள் லீவு வந்தால் போதும், "ரெண்டு நாள் பாண்டி வர்றோம், எங்கெங்க போகலாம்?" என்று யாராவது ஒரு சொந்தக்காரர் போன் செய்துவிடுவார். ஒயிட் டவுனில் தங்கி, மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்து, மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு நடை நடந்தால் ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். அழகான பகுதிதான். அதுவும் சாயங்காலம் வண்டிகளை விடாமல் கடற்கரைச் சாலையை நடப்பவர்களுக்கே கொடுத்துவிடுகிற நேரத்துக் காற்றுக்காகவே வரலாம். ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. நடுவில் வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் போகிறது. அந்தக் காலத்தில் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள், மேற்கே நம் ஆட்கள். அதைத் தாண்டி மேற்கே வாருங்கள்.

முதலில் வைசியாள் வீதி. கிழக்கே உயரமான மதிலும் பெரிய கேட்டும்தான் கண்ணில் படும், வீடு உள்ளே ஒளிந்திருக்கும். இங்கே வீடு தெருவுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் நிழலில் திண்ணை, அப்புறம்தான் கதவு, உள்ளே முற்றம். சில திண்ணைகளின் ஓரத்தைக் கவனியுங்கள், தலை வைத்துப் படுக்கத் தோதாகச் சரிவாகக் கட்டியிருப்பார்கள். யாரென்றே தெரியாத வழிப்போக்கனுக்குத் தலையணை! அப்படியே நிமிர்ந்து மாடியைப் பாருங்கள்: கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னல், இரண்டும் ஒரே வீட்டில். இப்படிப்பட்ட வீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த கட்டடம் எழுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கிருந்து ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி பக்கம்தான். 1908இல் இங்கே வந்து பத்து வருடம் இருந்த பாரதி குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவசரப்படாமல் பாருங்கள். மிஷன் வீதியில் மாதா கோயில், உள்ளூரில் சம்பா கோயில் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பெரிய மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பூக்கடைகளும் மீன் விற்கும் அம்மாக்களும் அப்போதுதான் களைகட்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் மார்க்கெட் பக்கத்தில்தான் இருக்கிறது. தெற்கே நடந்தால் முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல்.

கடைசியாக ஒன்று. கடற்கரைச் சாலை முடிந்ததும் திரும்பிவிடாதீர்கள், வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வரை போங்கள். சிறு வயதில் நான் பார்த்த கரையோரம் பாறாங்கற்கள்தான். தெற்கே துறைமுகத்துக்குப் போட்ட அலைத்தடுப்புச் சுவர், வடக்கே வர வேண்டிய மணலை மறித்துவிட்டது, கடல் கரையை அரித்தது, அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். படகு ஏற்றி நிறுத்த மணல் இல்லாமல் மீனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர் என்றால் அவர்களும்தானே.

முடிந்தால் மாசி மகத்துக்கு வாருங்கள். மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு அன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத்தான் வரும். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், கூட்டம் நெரியும்.