வெள்ளைக்கல் பூமியின் தண்ணீர்

சேலத்தில் வெள்ளைக்கல் என்றால் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட் கனிமம். அந்தச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள கிணற்று நீரைச் சோதித்துவிட்டு, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துச் சொல்லும் மொத்தக் கடினத்தன்மை என்ற ஒரே எண்ணோடு அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். அந்த மண்ணுக்கு அது போதாது. லிட்டருக்குக் கால்சியம் 140 மி.கி., மக்னீசியம் 20 மி.கி. உள்ள நீருக்கும், கால்சியம் 40, மக்னீசியம் 80 உள்ள நீருக்கும் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) ஏறக்குறைய 430 மி.கி.தான். முன்னது சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீரின் சாயல். பின்னது இந்தச் சுரங்கப் பகுதியின் மக்னீசியம் மிகுந்த டூனைட் பாறையின் கைவரிசை. டூனைட்டில் உள்ள ஆலிவின் என்ற கனிமம், கரியமில வாயுவோடு இறங்கும் மழைநீரில் கரைந்து மக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் விடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மக்னீசியத்தின் ஏற்கத்தக்க அளவு 30 மி.கி.; மாற்று நீர் இல்லாத இடத்தில் 100 வரை.

கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் ஆய்வகம் சறுக்கும். ஈடிடிஏ என்ற வினைப்பொருளைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும் புள்ளியை வைத்துக் கால்சியத்தை அளப்பதுதான் தரம்பார்த்தல்; அதற்குக் காரம் சேர்த்து, நீரின் பிஎச் (அமில-கார அளவு) 12க்கு மேல் ஏற்றுகிறோம். மக்னீசியம் மிகுந்த நீரில் அப்போது மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகத் திரண்டு, கொஞ்சம் கால்சியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். நிறமாற்றமும் தெளிவாகத் தெரியாது. கால்சியம் குறைவாக வரும். மொத்தக் கடினத்தன்மையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்கும் மக்னீசியம் அந்த அளவுக்குக் கூடிவிடும். மாதிரியை நீர்க்கவைத்து, காரம் சேர்த்ததும் தாமதிக்காமல் தரம்பார்க்க வேண்டும்.

அதற்கும் முந்தைய தவறு போர்வெல்லிலேயே நடக்கிறது: தேங்கி நின்ற நீரையே மாதிரியாகப் பிடித்துவிடுவது. ஆறரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 2,500 லிட்டர், வெளியேற வேண்டும். மின்கடத்துதிறனும் பிஎச்சும் நிலைத்த பிறகே குப்பியைப் பிடிக்கலாம். காரத்தன்மையை அங்கேயே அளப்பது நல்லது. வண்டியில் வரும் வழியில் கரியமில வாயு வெளியேறி, பிஎச் ஏறி, குப்பிக்குள்ளேயே கார்பனேட் படிந்துவிடும்.

குரோமியத்துக்கு இரண்டு குப்பிகள் தேவை. டூனைட்டில் குரோமைட் என்ற குரோமியக் கனிமமும் உண்டு. அதிலிருக்கும் மூவிணைதிறன் குரோமியத்தை (Cr³⁺) மாங்கனீசு ஆக்சைடுகள் நச்சு மிகுந்த அறுவிணைதிறன் (Cr⁶⁺) வடிவத்துக்கு மாற்றக்கூடும். காரநீரில் அது கரைந்தே இருக்கும். மொத்தக் குரோமியத்துக்கு வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். அறுவிணைதிறன் குப்பியில் அமிலம் கூடவே கூடாது. அந்த வடிவமே மாறிப்போகும். வடிகட்டி, 4 டிகிரியில் குளிர்வித்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். ஒடிசாவின் சுகிந்தா குரோமைட் பகுதி இந்த அறுவிணைதிறன் குரோமியத்துக்காகவே பேசப்படுகிறது.

பாறை தந்தது எது, சுரங்கம் சேர்த்தது எது என்பதே ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. நிலத்தடி நீர் வரும் மேட்டுப்பக்கத்தில், சுரங்கம் தொடாத அதே பாறையில் ஒரு கிணறாவது ஒப்பிடக் கிடைக்க வேண்டும். அங்கேயும் மக்னீசியம் அதே அளவென்றால் அது பாறையின் பங்கு. நைட்ரேட் பள்ளத்துப்பக்கம் மட்டும் ஏறினால், அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்தின் எச்சத்தைச் சந்தேகிக்கலாம். குளோரைடும் கூடவே ஏறியிருந்தால், முதலில் பக்கத்துக் கழிவறைக் குழிகளைப் பார்க்க வேண்டும்.