சூரியன் ஒன்று, நிலா ஒன்று

"தூக்கம் வருதாம்மா? சரி, அதே மாத்திரையைத் தொடருங்க."

அரசு மருத்துவமனையில் டாக்டர் என்னைப் பார்க்க ஆரம்பித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு காகித உறை தந்தார்கள். அதன் மேல் பேனாவால் ஒரு சூரியன், ஒரு நிலா. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. வீடு வரும்வரை அந்த நிலாவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விபத்து நடந்து 14 மாதம் ஆகிறது. லாரி ஹார்ன் கேட்டால் இன்னும் கை கால் விறைத்துப்போகிறது.

நான் கேட்டது இஎம்டிஆர் (EMDR). இது போன்ற அதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்புக்கான சிகிச்சை. நடந்ததை மனதில் நிறுத்தி, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடரும் முறை. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபீரோ கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அந்த இரவை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது.

"இங்க அதுக்கு ஆள் இல்லைம்மா." டாக்டர் மேல் கோபமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

தனியாரில் ஒரு அமர்வுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள். எட்டுப் பத்து அமர்வாவது வேண்டுமாம்.

அரசு சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. மாத்திரையும் சிகிச்சைதான். அதனால்தான் தூங்குகிறேன். ஆனால் கனவில் அந்த லாரி வருகிறதே!

அடுத்த மாதம் எழுத்தாகவே கேட்கப்போகிறேன்.

அரசு மருத்துவமனையில் இது யாருக்காவது கிடைத்திருந்தால், எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.