எட்டாம் எண் ஊசியும் மாவுப் பாத்திரமும்: ஏழு மாதப் பின்னல் குறிப்பு

அப்பாவுக்கென்று ஜூன் மாதம் தொடங்கிய குல்லா 12 செ.மீ. உயரம் வந்த பிறகுதான், அது அவர் தலையில் ஏறாது என்பது எனக்கு உறைத்தது. அவருடைய தலைச் சுற்றளவு 56 செ.மீ. பின்னல் இழுபட்டுக் கொடுக்கும் என்பதால் குல்லா 51 செ.மீ. இருந்தால் போதும், காதைக் கவ்விக்கொண்டு நிற்கும். என் கையில் இருந்ததோ 42 செ.மீ.தான். அடிப்பட்டை ரிப் பின்னல் (மேடும் பள்ளமுமாக நெடுக்குக் கோடு விழும் பின்னல்), அது எப்போதும் சுருங்கித்தான் நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு வாரத்தை ஓட்டியிருந்தேன்.

பிழை ஊசியின் எண்ணில் இருந்தது. நான் பார்த்துப் பின்னிய செய்முறை அமெரிக்க அளவில் எழுதப்பட்டது. அதில் 8ஆம் எண் ஊசி என்றிருந்தது. என் அம்மாவின் ஊசிப் பையிலும் கொண்டையில் 8 என்று பொறித்த சாம்பல் நிற அலுமினிய ஊசி ஒரு ஜோடி இருக்கவே, வேறு எதையும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் விற்கும் ஊசிகளுக்கு எண் இடும் முறை பழைய பிரிட்டிஷ் வழக்கம். எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக் கூட ஊசி பருக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ., இங்கே 8 என்றால் 4 மி.மீ. 5 மி.மீ. வேண்டுமென்றால் நம் ஊர் 6ஆம் எண்ணைத்தான் எடுத்திருக்க வேண்டும். செய்முறையின்படி 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) வரவேண்டிய இடத்தில் எனக்கு 22 வந்திருந்தன. ஊசியில் ஏற்றிய 92 கண்ணிகளை 18ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 51 செ.மீ., 22ஆல் வகுத்துப் பெருக்கினால் 42 செ.மீ. கணக்கு அவ்வளவு எளிது. மாதிரித் துண்டு ஒன்றை முதலில் பின்னி அளந்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பின்னுகிறவள், இதை இன்னும் சோம்பலால் தவிர்க்கிறேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சற்றுக் கூச்சம் உண்டு.

பிரித்தெடுத்த நூல் இடியாப்பம் போலச் சுருண்டு கிடந்தது. அதை அப்படியே மறுபடி பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும். எனவே நாற்காலியின் முதுகில் சுற்றி வட்டமாக்கி, பருத்தி நூலால் நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்துத் தொங்கவிட்டேன். குன்னூரில் ஜூன் மாதத்து ஈரத்தில் அது காய மூன்று நாள் ஆயிற்று. ஆனால் காய்ந்தபோது, கடையில் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே நேராகிவிட்டது. 6ஆம் எண் ஊசியில் இரண்டாம் முறை பின்னிய குல்லா ஜூலை கடைசியில் முடிந்தது. காதுகளை மூடும் இரண்டு மடலும் அதில் உண்டு. அப்பா அதை மங்கி குல்லாவுக்குத் தம்பி என்கிறார். காலை நடைக்கு அதைப் போடாமல் வாசல் தாண்டுவதில்லை.

அம்மாவின் அந்த ஊசிப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு தீப்பற்றினால் நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைத்தான். பழைய சுங்குடிச் சேலையின் முந்தியை மடித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அறை வைத்து, நாடா கட்டி அவர் தைத்த சுருட்டுப் பை அது. பத்தாம் எண் ஜோடியில் ஓர் ஊசி லேசாக வளைந்திருக்கும். வலது கையில் பிடித்தால் அந்த வளைவு கட்டைவிரலுக்கு ஒத்தாசையாக இருப்பதால் அதை நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை. எத்தனையாவது வரிசையில் கண்ணிகளைக் குறைக்க வேண்டும் என்று நினைவூட்ட நான் மாட்டிவைக்கும் அடையாள வளையங்கள், ஜோடி தொலைந்த கவரிங் காது வளையங்கள். முறுக்குப் பின்னலுக்குக் கண்ணிகளைத் தாண்டவைக்க அதற்கென்றே தனி ஊசி விற்கிறார்கள். நான் பயன்படுத்துவது அம்மாவின் கொண்டை ஊசி. இரண்டு காலில் ஒன்றில் மூன்று கண்ணிகளை ஏற்றித் துணிக்கு முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, தொங்குகிற மூன்றையும் எடுத்துப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும்; பின்னால் தொங்கவிட்டால் வலப்பக்கம் சாயும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாழ்கிறவளுக்கு இது பொருத்தமான கருவிதானே.

ஆகஸ்டில் தங்கையின் குழந்தைக்குக் கையில்லாத சட்டை தொடங்கினேன். அவர்கள் இருப்பது மதுரையில். அங்கே கம்பளி நூலில் பின்னிக் கொடுப்பது குழந்தைக்குச் செய்யும் கொடுமை. எனவே பருத்தி நூல் வாங்கினேன். பருத்திக்குக் கம்பளியின் நெளிவு கிடையாது. கண்ணிகள் சிறிது ஏறுக்குமாறாக விழுந்தாலும் கம்பளி மன்னித்துவிடும், பருத்தி காட்டிக்கொடுத்துவிடும். உடல் பகுதி முழுவதும் எல்லா வரிசையிலும் நேர்ப்பின்னல் என்பதால் அதை ஊட்டிக்கு வேலைக்குப் போகும் பேருந்திலேயே பின்னி முடித்தேன். அரவங்காடு தாண்டினால் எனக்குக் கீழே பார்க்கவே கூடாது, குமட்டும். ஆகவே கண்ணைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு விரலால்தான் பின்னுவேன். நேர்ப்பின்னலின் முதுகில் அரிசி மணி போல ஒரு புடைப்பு இருக்கும், அதை இடது சுட்டுவிரல் எண்ணிக்கொண்டே போகும்.

கேத்தி அருகே ஒரு நாள் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி, வீடு வந்து பார்ப்பதற்குள் பதினொரு வரிசை கீழே இறங்கிவிட்டிருந்தது. விழுந்த கண்ணிக்கு மேலே, பின்னல் அவிழ்ந்த இடமெல்லாம் ஏணிப்படி போலக் குறுக்கு இழைகள் நின்றன. குரோஷா ஊசியை அடியில் இருக்கும் கண்ணிக்குள் நுழைத்து, முதல் படியைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அந்தப் படி புதிய கண்ணியாகிவிடும். அதற்குள் அடுத்த படி, அதற்குள் அதற்கடுத்தது. இந்தப் பின்னலில் ஒரு வரிசைக்கு முன்பக்கமிருந்தும் அடுத்த வரிசைக்குப் பின்பக்கமிருந்தும் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு நெடுக்கில் மட்டும் வழுவழுப்பான கோடு தெரியும். எனக்கு அது ஏழாம் படியில் தவறி, மறுபடி முதலிலிருந்து ஏறினேன்.

காலாண்டு விடுமுறைக்குத் தங்கை வந்தபோது சட்டையைப் போட்டுப் பார்த்தோம். உடல் கச்சிதம், தலைதான் நுழையவில்லை. குழந்தையின் தலைச் சுற்றளவு 45 செ.மீ., நான் இறுக்கமாக முடித்த கழுத்தோ எவ்வளவு இழுத்தும் 38 செ.மீ.க்கு மேல் கொடுக்கவில்லை. பாதி நெற்றியில் சட்டை மாட்டிக்கொள்ள, பிள்ளை வீறிட்டு அழுதது. “அக்கா, நீ சட்டை பின்னினாயா, சுருக்குப் பை பின்னினாயா?” என்று தங்கை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே கழுத்து விளிம்பைப் பிரித்து, இரண்டு எண் தள்ளிப் பருத்த ஊசியால் தளர்வாக முடித்து, இடது தோள் தையலையும் திறந்து அங்கே இரண்டு பொத்தான்கள் வைத்தேன். குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் என்பதால் பொத்தானை நூலால் நான்கு சுற்று இறுக்கித் தைத்து, காம்பிலும் சுற்றி முடிந்தேன். மதுரைக்குப் போன பிறகு வந்த படங்களில் பிள்ளை அதைத்தான் அடிக்கடி போட்டிருக்கிறான். துவைத்துத் துவைத்துச் சட்டை நீளவாக்கில் இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது, அதுவும் பருத்தியின் குணம்.

நவம்பரில் நடந்ததுதான் இந்த ஆண்டின் பெரிய பாடம். போன ஆண்டு என் மாமியாருக்கு ஓர் அரைக்கை ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருந்தேன். கடைகளில் ‘உல்லன்’ என்று சொல்லி விற்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான் இருக்கும் என்பதால், ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்துத்தான் அந்த நூலை வாங்கினேன்: கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, கரி விரலில் பொடியும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக உறையும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையமும், நீலகிரி என்ற பெயரிலேயே மென்மயிர் தரும் ஆட்டினமும் இருக்க, என் ஊசிக்கு வரும் நூல் லூதியானாவிலிருந்து வருகிறது என்பது தனி வருத்தம். எப்படியோ, அசல் கம்பளி என்று பெருமையோடு கொடுத்த அந்த ஸ்வெட்டரை அத்தை ஒரு நாளும் போட்டு நான் பார்க்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

நவம்பரில் அவர் வீட்டுச் சமையலறையில் இட்லி மாவுப் பாத்திரத்தைச் சுற்றி அது இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். கண்ணிகளே தெரியாமல், அட்டை போலத் தடித்து, பாதியாகச் சுருங்கியிருந்தது. துவைக்கும் இயந்திரத்தில் சுடுநீரில் போட்டிருக்கிறார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், பிறகு எதைச் செய்தாலும் பிரியாது.

“அத்தை, இது எப்போது இப்படி ஆயிற்று?”

“போன தை மாசமே ஆயிடுச்சும்மா. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல. ஆனா இதைச் சுத்தி வச்ச நாள்லேருந்துதான் மாவு ஒழுங்கா பொங்குது.”

குன்னூர்க் குளிரில் மாவு புளிக்காது, தயிர் உறையாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள புலம்பல். போர்வை, பழைய சால்வை, அடுப்பு ஓரம் என்று ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். எனக்கு முதலில் முகம் சுண்டியது உண்மை. இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து பின்னியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மூட்டு வலியோடு இருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரரிடம், கையால் அலசி நிழலில் படுக்கவைத்து உலர்த்த வேண்டிய ஒன்றைக் கொடுத்தது நான்தான். அவருக்கு வேண்டியிருந்தது நான் பின்ன விரும்பிய பொருள் அல்ல.

எனவே இப்போது, ஜனவரியில், அவருடைய பெரிய மாவுப் பாத்திரத்துக்குத் தெரிந்தே சுருங்கவைக்கும் உறை ஒன்று ஊசியில் இருக்கிறது. இம்முறை மாதிரித் துண்டைப் பின்னாமல் தொடங்கவில்லை. 6ஆம் எண் ஊசியில் 36 கண்ணிகளோடு 20 செ.மீ.க்கு 20 செ.மீ. துண்டு பின்னி, சுடுநீரில் இரண்டு முறை இயந்திரத்தில் ஓட்டினேன். அகலம் 16 செ.மீ. ஆகவும் உயரம் 13 செ.மீ. ஆகவும் குறைந்தது. பாத்திரத்தின் சுற்றளவு 72 செ.மீ. என்பதால் 90 செ.மீ. பின்ன வேண்டும், அதாவது 162 கண்ணிகள். ஒரே நேர் ஊசியில் அத்தனை நிற்காது. இரண்டு பாதியாக, ஓரத்தையல்களுக்கும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 83 கண்ணிகள். உயரம் 24 செ.மீ. வேண்டும், ஆகவே 37 செ.மீ. பின்ன வேண்டும். முதல் பாதியில் நேற்று 19 செ.மீ. ஆகியிருக்கிறது. மூடிக்குத் தனியாக ஒரு தொப்பி வேண்டுமா என்று அத்தையைக் கேட்டிருக்கிறேன். தயிர்ப் பாத்திரத்துக்கும் சேர்த்துப் பின்னச் சொல்கிறார்.